எஸ்.இ.எல். வந்தால் டீச்சருக்கு என்ன ஆகும்?

7 ஜூலை 2024, ஞாயிறு: வாசகர் கேள்வி

எங்கள் பள்ளியில் இந்த வருஷம் எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு எஸ்.இ.எல். கிட் வாங்கியிருக்கிறார்கள். தமிழில் சமூக-உணர்வுக் கற்றல் என்றார்கள், அதாவது பிள்ளை தன் உணர்ச்சியைப் புரிந்து அடக்கிக்கொள்ளவும் மற்றவரோடு ஒத்துப்போகவும் பழகுவது. இரண்டு நாள் டிரெய்னிங் முடிந்தது. பிள்ளைகள் அடித்துக்கொள்வது குறையும், கூடவே டீச்சரின் மன அழுத்தமும் குறையும் என்று பேச வந்தவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். எனக்கு இப்போதே கூடின மாதிரி இருக்கிறது. குழந்தைக்கு நல்லதா என்று நான் கேட்கவில்லை. டீச்சருக்கு என்ன ஆகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

7 ஜூலை, இரவு 9.50: ஒரு டீச்சரின் பதில்

கூடத்தான் செய்யும். எனக்கு முதல் ஆறு மாசம் கூடியது.

2022 ஜூனில் எங்களுக்கும் இதே மாதிரி ஒரு பெட்டி வந்தது. முகங்கள் வரைந்த சார்ட், கதை அட்டைகள், கைப்பொம்மை, பச்சைத் துணியில் தைத்த ஓர் ஆமை, டீச்சருக்குத் தலையணை மாதிரி ஒரு புத்தகம். ஊர் திருப்பூர்ப் பக்கம். பெற்றோரில் பாதிப் பேர் பனியன் கம்பெனி. எனக்கு அப்போது 17 வருஷ சர்வீஸ். கிளாஸில் 34 பிள்ளைகள். ஒரு ஆயாம்மா, அவரும் பக்கத்துக் கிளாஸோடு பங்கு. நாளை விரிவாக எழுதுகிறேன். நோட்டு ஒரு அடுக்கு கிடக்கிறது.

8 ஜூலை, இரவு 10.15

உங்கள் டிரெய்னர் சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிகாகோவில் ஒரு பெரிய சோதனை நடந்தது, 2004 முதல் 2006 வரை. இடம் ஹெட் ஸ்டார்ட் மையங்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்காக 1965இல் ஜான்சன் அதிபராக இருந்தபோது தொடங்கிய திட்டம் அது. நம் அங்கன்வாடி வந்தது 1975இல், ஆக அங்கன்வாடிக்குப் பத்து வயது மூத்த அக்கா. 18 வகுப்புகளில் டீச்சர்களுக்கு 30 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். அதோடு விடவில்லை. மனநல ஆலோசகர் ஒருவர் வாரா வாரம் வகுப்புக்கே வந்து உட்கார்ந்தார். டீச்சரின் மன அழுத்தத்துக்கென்றே தனியாகக் கூட்டம் நடத்தினார்கள். டீச்சர்களுக்கு அழுத்தம் குறைந்தது.

வித்தியாசம் புரிகிறதா? அங்கே ஆளை அனுப்பினார்கள். நமக்குப் பெட்டியை அனுப்புகிறார்கள். என்னைக் கேட்டால் விஷயம் அந்த இன்னொரு ஜோடிக் கையில்தான் இருக்கிறது. 34 பிள்ளைகளுக்கு இன்னொரு ஆள் நின்றால் எந்தப் பாடத்திட்டமும் வேலை செய்யும்.

9 ஜூலை, காலை 6.10

நேற்று எழுதியதில் இரண்டு தப்பு. ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிற என் தம்பி மகள்தான் எனக்கு இந்தக் கட்டுரைகளையெல்லாம் அனுப்புவாள். ராத்திரியே போன் போட்டு, “அத்தை, படிச்சுட்டுத்தான் எழுதுனீங்களா?” என்றாள்.

ஒன்று: 18 என்பது மையங்களின் கணக்கு. வகுப்புகள் 35, டீச்சர்கள் 90 பேர்.

இரண்டாவதுதான் பெரிசு. அழுத்தம் குறைந்தது என்று மொட்டையாக எழுதிவிட்டேன். வேலை தன் பிடிக்குள் இருக்கிறது என்கிற எண்ணம் டீச்சர்களுக்குக் கூடியது. உதவிக்கு வசதி இருக்கிறது என்கிற எண்ணமும் கூடியது. வேலைச் சுமையில் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் இல்லை. சுமை அதேதான், தூக்குகிறவளுக்குப் பிடிமானம் கிடைத்திருக்கிறது. 2023 ஜனவரியில் என் கிளாஸிலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்றும் சொன்னாள், அதை யோசித்துவிட்டு எழுதுகிறேன். வேன் வந்துவிட்டது.

9 ஜூலை, இரவு 9.30

அந்த இன்னொன்று இதுதான். பிள்ளைகளைக் கட்டி மேய்க்க நம்மால் முடியும் என்கிற தன்னம்பிக்கை அந்த டீச்சர்களுக்குக் குறைந்துவிட்டது. பயிற்சி இல்லாத வகுப்பு டீச்சர்களோடு ஒப்பிட்டால் இவர்களுக்குத்தான் குறைவு.

ஆனால் வெளியிலிருந்து வந்து உட்கார்ந்து மதிப்பிட்டவர்கள் என்ன சொன்னார்கள்? பயிற்சி பெற்ற வகுப்புகளில்தான் சூழல் இதமாக இருக்கிறது, டீச்சர் பிள்ளையின் மனசறிந்து நடக்கிறார், பிள்ளைகளை நடத்தும் விதமும் மேல் என்றார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு நன்றாகச் செய்கிறவள், தன் கண்ணுக்குத் தேறாதவளாகத் தெரிகிறாள்.

படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 2022 ஆகஸ்டில் நான் அப்படித்தான் இருந்தேன்.

10 ஜூலை, இரவு 10.40

சொல்லிவிடுகிறேன். 17 வருஷம் என் ஆயுதம் முறைப்பு. கதவருகே நின்று மூக்குக் கண்ணாடியை இறக்கி ஒரு பார்வை பார்த்தால் 34 வாயும் கப்சிப். பிரின்சிபாலே அடுத்த கிளாஸ் டீச்சரைக் கூப்பிட்டு, “இவங்க கிளாஸைப் பாருங்க” என்பார். எனக்கு உள்ளூரப் பெருமை. அடித்ததில்லை, அதனால் நான் நல்ல டீச்சர் என்றும் ஒரு கணக்கு.

பெட்டிக்குள் இருந்த புத்தகம் முதல் வாரமே சொல்கிறது: பிள்ளை அமைதியாக இருக்கும்போது அதன் கையையும் தோளையும் கவனியுங்கள். கவனித்தேன். ஜன்னலோரம் உட்கார்கிற ஒரு பெண் குழந்தை, நான் கண்ணாடியை இறக்கியதும் பாவாடை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி மூட்டு வரை ஏற்றிவிட்டாள். எத்தனை வருஷமாக எத்தனை பேர் சுருட்டினார்களோ, நான் வாயை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு முறைக்க முடியவில்லை. முறைக்கப் போனால் கை தானாகக் கண்ணாடியை மேலே ஏற்றிவிடுகிறது. சரி, புதுசாகக் கற்றுக்கொடுத்ததாவது கை கொடுத்ததா? “உனக்குக் கோபம் வந்திருக்கு, எனக்குத் தெரியுது கண்ணு” என்று மண்டிபோட்டு ஒருத்தனிடம் சொல்லி முடிப்பதற்குள் மற்ற 33 பேரில் இரண்டு பேர் தண்ணீர்க் குழாயில், ஒருத்தி மேஜை மேல். பழைய செருப்பைக் கழற்றியாயிற்று, புதுசு கடிக்கிறது, நடக்க வேண்டியது சித்திரை மாசத் தார் ரோட்டில். அந்த ஆகஸ்டில்தான் வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். “டெய்லரிங் கத்துக்கறியா?” என்றார். கேட்டதோடு சரி.

சிகாகோ டீச்சர்களுக்கும் இதேதான் நடந்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. என் கதைக்கு அந்தக் கணக்கு பொருந்துகிறது, அவ்வளவுதான். உங்கள் டிரெய்னர் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தெரிந்திருந்தால் நான் ஒரு வருஷம் என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்க மாட்டேன்.

11 ஜூலை, மதியம் 1.05

ஆமையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கமாக: கோபம் வந்தால் ஆமை ஓட்டுக்குள் போகிற மாதிரி கையைக் கட்டித் தலையைக் குனிந்து மூச்சு விட வேண்டும். அமெரிக்காவில் 1970களிலிருந்தே பள்ளிகளில் இருக்கிற உத்தி. ஆமையைப் பார்த்து அடக்கம் பழகு என்று அடக்கமுடைமை அதிகாரத்து ஆறாவது குறள் எப்போதோ சொல்லிவிட்டது, அதனால் ஒப்பேறிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் ஒரு அப்பத்தா வாசலில். “ஏனுங் டீச்சர், ஆமை பூந்த ஊடும் அமீனா பூந்த ஊடும் உருப்படாதுன்னு தெரியாதுங்களா? எம்பேரன் ஊட்டுல சோபாமேல குனிஞ்சு ஆமை, ஆமைங்கறான்.” பேசிப் பார்த்தேன், குறளைச் சொன்னேன். “அவரு எழுதுனாரு, ஊட்டுக்குள்ள வெச்சாரா?” என்றார். பதில் இல்லை. மறுநாள் இன்னும் இரண்டு அம்மாக்கள்.

துணி ஆமையை பீரோவுக்குள் போட்டுவிட்டு நத்தையாக மாற்றினேன். நத்தைக்குப் பழமொழித் தொல்லை கிடையாது. ஆனால் மழை பெய்த மறுநாள் ஒருத்தன் டிபன் பாக்ஸில் நிஜ நத்தை ஒன்றைக் கொண்டுவந்துவிட்டான், தயிர் சாதத்துக்குப் பக்கத்திலேயே. இதையும் வேலைச் சுமைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

13 ஜூலை, சனி

எட்டாம் தேதி “இன்னொரு ஜோடிக் கைதான் விஷயம்” என்று எழுதியிருந்தேன். அதுவும் நிற்காது போலிருக்கிறது.

சிகாகோக்காரர்கள் கெட்டிக்காரர்கள். ஆலோசகர் வந்ததால் வகுப்பில் ஒரு பெரியவர் கூடிவிட்டார், அதனால்தான் பலன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, பயிற்சி தராத வகுப்புகளுக்கும் அதே அளவு நேரத்துக்கு ஒரு உதவியாளரை அனுப்பியிருக்கிறார்கள். ஆக இரண்டு பக்கமும் ஆள் உண்டு. ஒரு பக்கம் கை மட்டும். இன்னொரு பக்கம் கையோடு கண்ணும் பேச்சும். சூழல் நன்றாக இருந்தது இரண்டாவது பக்கத்தில். தன்னம்பிக்கை குறைந்ததும் அங்கேதான்.

கை மட்டும் கிடைத்தவள் நிம்மதியாக இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் முறைப்பை யாரும் பிடுங்கவில்லையே!

13 ஜூலை, சனி, கொஞ்ச நேரம் கழித்து

கடைசி வரி கொஞ்சம் குசும்பு. இருக்கட்டும்.

14 ஜூலை, ஞாயிறு

ஜனவரிக் கதை. 2023 ஜனவரி முதல் மார்ச் வரை புதன்கிழமைதோறும் ஒரு கவுன்சிலர் பொண்ணு என் கிளாஸுக்கு வந்தது. படிப்பின் பகுதியாகப் பயிற்சிக்கு வந்த பொண்ணு, பள்ளிக்குக் காசு செலவில்லை, அதனால் அனுமதி கிடைத்தது. சின்ன நாற்காலியில் மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கும். என்னைப் பற்றிப் புகார் எழுதுகிறது என்று முதல் வாரம் எனக்குத் தூக்கமில்லை.

இரண்டாம் புதன் நோட்டைக் காட்டியது. பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி இல்லை. “8.40 முதல் 12.50 வரை டீச்சர் ஒருமுறைகூட உட்காரவில்லை. தண்ணீர் குடிக்கவில்லை. பாத்ரூம் போகவில்லை. 11.20க்குக் குரல் மாறுகிறது.” இதுதான் எழுதியிருந்தது.

11.20! எனக்கும் தெரியும், 11.20 வாக்கில்தான் நான் கத்துவேன். பசி நேரம், பிள்ளைகள் அடம்பிடிக்கிற நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நர்சரி டீச்சர் யாரைக் கேட்டாலும் சொல்வார், மதியம் வரை அடக்கிக்கொண்டுதான் நிற்கிறோம். நீர்க்கடுப்பு வந்து போகாதவர் எங்கள் ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. அந்தப் பொண்ணே ஆயாம்மாவிடம் பேசி 10.30க்குப் பத்து நிமிஷம் கிளாஸைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. 34 பிள்ளைகள் நத்தையாவதைவிட, நான் பாத்ரூம் போய் வந்ததில் கிளாஸில் சத்தம் குறைந்தது.

இதை மண்டிபோட்டுப் பேசுவதோடு சேர்த்துச் சொல்கிறேன், அதற்கு எதிராகச் சொல்லவில்லை. வயிறு இறுகி நிற்கிறவளால் மண்டிபோட முடியாது. மார்ச் மாசத்துக்குள் புதுச் செருப்பு கடிப்பது கொஞ்சம் நின்றிருந்தது.

16 ஜூலை, இரவு

ஒருவர் கேட்கிறார்: இதெல்லாம் பணக்காரப் பள்ளிச் சமாச்சாரம், அங்கன்வாடிக்கு யார் கொடுப்பார்கள்?

அய்யா, எங்கள் பள்ளியில் பணம் எங்கே இருக்கிறதோ, எனக்குத் தெரியாது. ஆனால் கேள்வி சரி. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள். என் நாத்தனார் ஒரு மையத்தில் வேலை பார்க்கிறார். காலையில் முட்டை, சத்துமாவு, எடை பார்ப்பது, கர்ப்பிணி வீட்டுக்குப் போவது, அப்புறம் இந்தக் கணக்கையெல்லாம் போனில் ஏற்றுகிற போஷன் டிராக்கர் ஆப். அது சுற்றிக்கொண்டே இருக்கும்போது அவர் முகத்தை ஒரு சார்ட்டில் வரையலாம். ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் அவர்களிடம் இருக்கிறது. பாட்டு, கதை, விளையாட்டு என்று நன்றாகத்தான் இருக்கிறது, நானே சிலதைச் சுட்டிருக்கிறேன். 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டமும் மூன்று முதல் எட்டு வயது வரைக்கும் உணர்வு வளர்ச்சியைப் பெரிசாகப் பேசுகிறது. டெல்லியில் 2018இலேயே அரசுப் பள்ளிகளில் நர்சரியிலிருந்து மகிழ்ச்சிப் பாடம் என்று தொடங்கினார்கள். எழுதிவைப்பதில் குறையில்லை. நாத்தனாரின் மையத்தில் உதவியாளர் இடம் காலியாகக் கிடக்கிறது. “முதல்ல அதுக்கு ஆள் போடட்டும் அண்ணி, அப்புறம் என் உணர்ச்சியப் பாக்கட்டும்” என்கிறார்.

20 ஜூலை, சனி

கொஞ்சம் திசை மாறுகிறேன். சார்ட்டில் நாலு முகம்: சந்தோஷம், சோகம், கோபம், பயம். ஜூனில் எல்.கே.ஜி.க்கு வருகிற மூணரை வயசுப் பிள்ளைக்கு இந்த நாலுமே கிடையாது. அதற்கு ஏக்கம். அழுது முடித்த பிறகும் விசும்பிக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் “பிள்ள ஏங்கிப் போச்சு” என்பார்கள், காய்ச்சல்கூட வரும். சோகம் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை நம்மை வேற்று ஆள் மாதிரி பார்க்கிறது.

ஐந்தாவது முகம் நானே வரைந்தேன். முகம் வரைய வரவில்லை, அதனால் முதுகு வரைந்தேன்: ஒரு கேட், கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகு காட்டி நிற்கிற பிள்ளை. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் தமிழும் பேச மாட்டான், என்னோடும் பேச மாட்டான். அதைப் பார்த்ததும் கிட்டே போய் விரலை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கம்பெனியில் ஷிப்ட், பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குத்தான் பார்ப்பான்.

இது டீச்சருக்கு என்ன ஆகும் என்கிற கேள்விக்கு எப்படிப் பதில் என்று கேட்காதீர்கள். அன்றைக்குத்தான் இந்தப் பெட்டி என் பெட்டி என்று எனக்குத் தோன்றியது. அதுவரை அது யாரோ அனுப்பின பெட்டி.

21 ஜூலை, ஞாயிறு

தம்பி மகள் மறுபடியும். “அத்தை, பிள்ளையை வெளியே அனுப்புற கணக்கை எழுதுங்க.” எழுதுகிறேன். 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அமெரிக்காவின் 40 மாநிலங்களின் அரசு பாலர் வகுப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆயிரத்துக்கு 6.67 பிள்ளைகள் வகுப்பிலிருந்தே நீக்கப்பட்டார்கள், அதற்கு மேல் உள்ள பள்ளி வகுப்புகளைவிட மூன்று மடங்குக்கு மேல். மூணு நாலு வயசுப் பிள்ளையை! டீச்சருக்கு அழுத்தம் கூடக்கூட நீக்குவதும் கூடியது. மனநல ஆலோசகர் தவறாமல் வந்துபோன வகுப்புகளில் குறைவு.

நம் ஊரில் நீக்கம் என்று யாரும் எழுத மாட்டோம். “ஒரு வருஷம் வீட்ல வெச்சிருந்து அனுப்புங்கம்மா, இன்னும் ரெடியாகல” என்போம். நானும் சொல்லியிருக்கிறேன், இரண்டு தடவை. இரண்டுமே 2022க்கு முன்னால். ஒரு பிள்ளையின் பெயர் நினைவிருக்கிறது, இன்னொன்று இல்லை.

3 ஆகஸ்ட், ஆடிப் பெருக்கு

லீவு. கேள்வி கேட்ட தங்கச்சிக்கு மொத்தமாக ஒரு பதில். நிர்வாகத்திடம் கிட் விலை கேட்காதீர்கள், வாரா வாரம் யார் வருவார்கள் என்று கேளுங்கள். வருகிறவர் உங்களுக்கு மார்க் போடுகிறவரா, உங்களோடு உட்கார்ந்து பேசுகிறவரா என்று கேளுங்கள். என் புதன்கிழமைப் பொண்ணின் நோட்டு பிரின்சிபால் மேஜைக்குப் போகவில்லை, அதனால்தான் நான் வாயைத் திறந்தேன். அப்புறம் கிட்டுக்கென்று ஒரு ஆப். தினமும் ஒவ்வொரு பிள்ளையின் மனநிலையையும் போட்டோவோடு ஏற்றச் சொல்வார்கள். எனக்குச் சொன்னார்கள். 34 பேரின் மனநிலையைப் போனில் ஏற்றுகிற நாற்பது நிமிஷம் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதை வாரத்துக்கு ஒருநாள் என்று குறைக்க நாங்கள் நாலு டீச்சர்கள் சேர்ந்து போய்க் கேட்க வேண்டியிருந்தது. தனியாகப் போகாதீர்கள்.

தன்னம்பிக்கை விழும். விழுந்தால் இந்த இழையை மறுபடி படியுங்கள்.

9 ஆகஸ்ட், வெள்ளி

கிளிப் விஷயத்தை எழுதவே இல்லை. காலையில் ஒவ்வொருத்தரும் தன் பெயர் எழுதின துணிக் கிளிப்பை சார்ட்டில் அன்றைய மனநிலையின் நிறத்தில் மாட்ட வேண்டும், டீச்சரும் சேர்த்து. பச்சை என்றால் நன்றாக இருக்கிறேன், நீலம் என்றால் சோர்வு. நான் இரண்டு மாசம் தினமும் பச்சை. டீச்சர் பச்சையில் இல்லாமல் இருக்கலாமா? என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்திலும் பச்சை. ஒருநாள் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் என் கிளிப் நீலத்தில் தொங்குகிறது. ஆயாம்மா விளக்குமாற்றோடு வெளியே போய்க்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, அந்த இரண்டு நாள் டிரெய்னிங்குக்கு ஆயாம்மாவை யாரும் கூப்பிடவே இல்லை. பிள்ளையைக் கழுவிவிடுவது அவர், வாந்தி எடுத்தால் தோளில் போட்டுக்கொள்வது அவர், 10.30க்கு என் கிளாஸைப் பார்ப்பதும் அவர்.

12 ஆகஸ்ட், திங்கள்

இன்று ஆயாம்மாவுக்கும் ஒரு கிளிப்பில் பெயர் எழுதிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கெதுக்குங் டீச்சர் இதெல்லாம்? நல்லா இறுக்கமா இருக்குது, துணி காயப்போட ஆகும்” என்று முந்தானையில் செருகிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு இன்னும் இரண்டு கேட்டிருக்கிறார்.